ஈலி திருப்பணியும் ஒரு கணக்கு வாத்தியாரும்

அக்டோபர் 14, திங்கள், கேம்பிரிட்ஜ்

தங்கை மகன் வீட்டுக்கு வந்து ஆறு நாளாகிறது. வந்த அன்றே தொண்டை கட்டிக்கொண்டது, மிளகு ரசமும் படுக்கையுமாக ஐந்து நாள் போய்விட்டது. இன்று காலை அவன், "பெரியம்மா, இந்த ஊரில் வெயிலுக்குக் காத்திருந்தால் ஊர் திரும்புகிற நாள்தான் வரும், கிளம்புங்கள்" என்றான். இரண்டு ஸ்வெட்டரும் மேலே அவனுடைய மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நேராக டிரினிட்டி கல்லூரி. பெரிய வாசலுக்கு வெளியே புல்தரையில் ஓர் ஆப்பிள் மரம் நிற்கிறது, நியூட்டன் வீட்டுத் தோட்டத்து மரத்தின் வழிவந்தது என்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது இராமானுஜன் 1914 இல் வந்து சேர்ந்த இடம். வாசல் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆனால் நான் தேடி வந்தவர் வேறொருவர், ஜார்ஜ் பீக்காக்.

மதுரையில் 29 வருஷம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தேன். ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நுண்கணிதம் நியூட்டன் கண்டுபிடித்தது என்கிறீர்கள், டிஒய் பை டிஎக்ஸ் என்பது லைப்னிட்ஸ் எழுதிய முறை என்கிறீர்கள், அப்படியென்றால் நியூட்டன் ஊர்க்காரர்கள் எப்படி அதை ஏற்றுக்கொண்டார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன், அந்த நாளை பல மாதம் நீண்டது. தேடிப் படித்தபோது கிடைத்த பெயர்தான் பீக்காக்.

வட இங்கிலாந்தில் ஓர் ஏழை உதவிகுருவின் மகன், 1791 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோதே, 1812 இல், சார்ல்ஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல் என்ற நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். அப்போது இங்கே நியூட்டன்மேல் உள்ள பக்தியால் எழுத்துக்கு மேலே புள்ளி வைக்கும் அவர் முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் கணக்கு எங்கேயோ போய்விட்டது, இவர்களுக்கு அதைப் படிக்கவே வராது. நண்பர்கள் ஒரு பிரெஞ்சுப் பாடநூலை மொழிபெயர்த்து 1816 இல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் பீக்காக் பல்கலைக்கழகத் தேர்வாளர் ஆனார். வினாத்தாளில் புள்ளியை எடுத்துவிட்டு 'டி' போட்டார். பெரியவர்கள் கோபப்பட்டார்கள். 1819 இல் மறுபடியும் தேர்வாளர் ஆனார், மறுபடியும் போட்டார். சில வருஷத்தில் எல்லாரும் மாறிவிட்டார்கள். 29 வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு இது நன்றாகப் புரிகிறது. மேடையில் எவ்வளவு பேசினாலும் அசையாத பாடத்திட்டம் வினாத்தாள் மாறினால் ஒரே வருஷத்தில் அசையும்.

அப்புறம் அவர் என்ன ஆனார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்று, டிரினிட்டியில் பல வருஷம் பிள்ளைகளை வளர்த்து, பேராசிரியராகி, 1839 இல் இங்கிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஈலி பேராலயத்துக்கு டீனாகப் போனார். 1858 இல் இறக்கும்வரை அங்கேதான். டீன் என்றால் பிஷப் இல்லை. பேராலயத்தின் வழிபாடு, கட்டடம், வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு. நம் கோயில் அறங்காவலரும் தலைமைக் குருக்களும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ அப்படி. அந்த 19 வருஷத்தில் அவர் அந்தப் பேராலயத்துக்குத் திருப்பணி செய்தார். அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

மதியம் சந்தைச் சதுக்கத்தில் தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, வெண்ணெய், பீன்ஸ், 7 பவுண்ட். சூடு ஒன்றுதான் அதில் ருசி, ஆனால் அந்தக் குளிருக்கு அது போதுமாக இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய், ஈலி

கால்மணி நேரத்தில் போகவேண்டிய ஊருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ரயில் ரத்து, அடுத்ததும் ரத்து. ஒலிபெருக்கியில் சொன்ன காரணம் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன், நான் விழிப்பதைப் பார்த்து, கேட்காமலேயே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மாற்றுப் பேருந்து நிற்கும் இடம்வரை கொண்டுவிட்டு ஓடினான். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை.

பேருந்து கிராமம் கிராமமாகச் சுற்றியது, அதுவும் நல்லதாகப் போயிற்று. இந்தப் பக்கத்தை ஃபென் என்கிறார்கள். ஒரு காலத்தில் முழுக்கச் சதுப்பு நிலம், 17ஆம் நூற்றாண்டில் பெரிய பெரிய வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்திருக்கிறார்கள். மண் கரிசலைவிடக் கறுப்பு. கண்ணுக்கு எட்டியவரை மேடு என்பதே கிடையாது, தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலைப் பார்ப்பதுபோல் இருந்தது, தென்னையை மட்டும் எடுத்துவிட வேண்டும். பக்கத்து இருக்கைப் பெரியவர், விவசாயி, வயலில் இருப்பது சர்க்கரைவள்ளியா என்று நான் கேட்டதற்கு, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் என்று பொறுமையாக விளக்கினார். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி, "அதோ" என்று கையைக் காட்டினார். அடிவானத்தில், மழைத் தூறலுக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல். இதை ஃபென் நிலத்துக் கப்பல் என்றுதான் இங்கே சொல்கிறார்கள், இறங்க இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போதே அது தெரிகிறது. மேலூர்ச் சாலையில் வரும்போது மீனாட்சி கோபுரம் கண்ணில் படுமா என்று சின்ன வயதில் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டே வருவேன், அந்த நினைவு வந்துவிட்டது.

இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள், பள்ளிப் பிள்ளைகள்கூட. நானும் சொன்னேன்.

தங்கும் இடம் ஒரு வீட்டின் மாடியறை, காலை உணவோடு ஒரு நாளைக்கு 85 பவுண்ட். நம் பணத்தில் ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறது, இரண்டு நாள் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கார அம்மா என் இருமலைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெந்நீர்ப் பை ஒன்றைக் கொண்டுவந்து படுக்கைக்குள் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பாட்டு வழிபாட்டுக்குப் போனேன். தினமும் நடக்கிறது, கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம். என்னைப் பாடகர் குழுவுக்கு அருகிலேயே, 14ஆம் நூற்றாண்டு மர இருக்கை வரிசையில் உட்காரவைத்தார்கள். இந்த இருக்கைகளுக்கு ஒரு கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தூக்கிக் கிழக்குக் கோடியில் ஒதுக்கிவிட்டார்கள். பீக்காக் 1847 இல் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக்கலைஞரை அழைத்துவந்து, இவற்றைத் திரும்பவும் நடுப்பக்கமாக நகர்த்தி, முன்னால் புதிதாக ஒரு மரத்தடுப்பும் செய்யவைத்தார். ஸ்காட் பிற்பாடு இங்கிலாந்துப் பேராலயங்கள் பலவற்றுக்கும் திருப்பணி செய்தவர். முதல் பேராலயம் இதுதான்.

பிள்ளைகள் பைபிளில் உள்ள சங்கீதங்களைப் பாடினார்கள். குரல் மேலே போய்க் கூரையில் தங்கி, அடுத்த வரி தொடங்கியபிறகுதான் இறங்கிவந்தது. துறவிகள் பாடிய இடம் இது. மடத்தை 1539 இல் கலைத்தார்கள், லத்தீன் போய் ஆங்கிலம் வந்தது, ஆனால் சங்கீதங்களை வரிசை தவறாமல் சுற்றிச் சுற்றிப் பாடும் வழக்கம் நிற்கவில்லை. எனக்குப் பீக்காக்கின் இயற்கணிதம் நினைவுக்கு வந்தது. எண்களுக்குப் பொருந்துகிற விதியின் வடிவம், எழுத்துகள் எண்களைக் குறிப்பது நின்றுபோன பிறகும் அப்படியே இருக்கவேண்டும் என்று 1830 இல் எழுதியவர். கழித்தலையும் கழித்தலையும் பெருக்கினால் ஏன் கூட்டல் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் கடைசியில் நாம் அங்கேதான் போய் நிற்கிறோம். தினமும் சாயங்காலம் இந்த இருக்கையில் உட்கார்ந்து இதே பாட்டைக் கேட்டிருப்பார் அவர்.

அக்டோபர் 16, புதன், ஈலி

காலையில் முட்டை, காளான், சுட்ட தக்காளி. ஊறுகாய்ப் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தேன். வீட்டுக்கார அம்மாவும் கொஞ்சம் கேட்டு வாங்கி, ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுக் கண்ணில் நீர் வர, இன்னொரு துண்டுக்கும் கேட்டார்.

இன்று முழு நாளும் பேராலயத்தில்தான். வழிகாட்டி ஒரு பெண்மணி, ஓய்வுபெற்ற நர்ஸ், சம்பளம் வாங்காமல் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாராம். பீக்காக்கைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் மேற்குக் கோபுரத்துக்கு அடியில் தரையில் ஒரு சுருள்வழி, 1870 இல் ஸ்காட் பதித்தது. அதன் பாதையை நடந்து முடித்தால் அந்தக் கோபுரத்தின் உயரத்தை, 66 மீட்டரை, நடந்ததாகக் கணக்கு என்றார். நடந்து பார்க்காமல் இருக்க முடியுமா? நடந்தேன். என் காலடி அளவில் கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. நிமிர்ந்தால் கோபுரத்தின் உட்புறம் மேலே வெகுதூரம் திறந்து போகிறது. பீக்காக் வருவதற்குமுன் அதை ஒரு பொய்க்கூரை அடைத்துக்கொண்டிருந்தது. ராபர்ட் வில்லிஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர், எந்திரவியல்காரர், பழைய கட்டடங்களைப் படிக்கத் தெரிந்தவர், அவர் யோசனையைக் கேட்டு அதை எடுத்தார்கள். தூண்களின் மேலிருந்த சுண்ணாம்பையும் சுரண்டி எடுத்தார்கள். இங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் தெருக் கோயில் மண்டபத் தூணில் சுண்ணாம்புக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் ஒரு யாளி இருக்கிறது, பாதி முகம் தெரியவில்லை. யார் யாரிடமோ சொல்லிப் பார்த்தேன். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் மேலே இன்னொரு பூச்சுதான் விழுகிறது.

நடுக்கூடத்தின் கூரை முழுக்க ஓவியம், ஆதாமில் தொடங்கிக் கிறிஸ்து வரை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காமல் இருக்கச் சக்கரம் வைத்த கண்ணாடி மேசை ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிக்கொண்டே போய்ப் பார்க்கலாம். வரைந்தவர் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர் இல்லை. ஹென்றி லெ ஸ்ட்ரேஞ்ச் என்ற நிலக்கிழார், 1858 இல் தொடங்கினார். அந்த நவம்பரில் பீக்காக் இறந்தார். 1862 இல் லெ ஸ்ட்ரேஞ்சும் இறந்தார். மிச்சப் பாதியை அவருடைய நண்பர் தாமஸ் கேம்பியர் பாரி முடித்தார், அவரும் கூலி வாங்கி வரையும் ஓவியர் இல்லை. கண்ணாடி மேசையைத் தள்ளிக்கொண்டு போனால் கை மாறும் இடம் தெரிகிறது, முகங்களில் நிழல் அழுத்தம் கூடிவிடுகிறது.

எனக்கு மனதில் பட்டதைக் கேட்டேன்: இடைக்காலத்தில் இங்கே இப்படி ஓவியம் கிடையாதே, இதைத் திருப்பணி என்று சொல்லலாமா? அந்த அம்மா யோசித்துவிட்டு, "அவர்கள் இதைப் பழையது என்று யாரிடமும் சொல்லவில்லை" என்றார். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சுண்ணாம்பைச் சுரண்டியதில் இருக்கும் அடக்கம் இந்தக் கூரையில் இல்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் பக்கத்து மாதா சிற்றாலயத்தில் சீர்திருத்தக் காலத்தில் தலை உடைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சிலைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் புதுத் தலை செய்து ஒட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதற்குக் கை எடுத்துக் கும்பிடலாம்.

அப்புறம் எண்கோணம். 1322 பிப்ரவரியில் ஒரு இரவு நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. துறவிகள் நிலநடுக்கம் என்று நினைத்தார்களாம். விழுந்த நாலு தூணையும் திரும்ப எழுப்பாமல், மடத்துப் பொறுப்பாளர் ஆலன் ஆஃப் வால்சிங்ஹாம் அந்த இடத்தை அகலமாக்கி எட்டுத் தூணில் நிறுத்திவிட்டார். அந்த அகலத்துக்குக் கல்லால் கூரை போட முடியாது. அரசரின் தச்சர் வில்லியம் ஹர்லி வந்து, சுமார் 19 மீட்டர் நீளமுள்ள எட்டு ஓக் மரங்களை நிறுத்தி, மேலே மரத்தால் ஒரு லாந்தர் கட்டினார். பெயரே லாந்தர்தான், சுற்றிலும் கண்ணாடி. எல்லாம் முடிய 20 வருஷம்.

மேலே ஏறலாம் என்றார்கள். இருமலோடு ஏற வேண்டாம் என்று மனது சொன்னது, ஏறினேன். குறுகலான சுழல்படி, நூற்றைம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு தாத்தா ஒவ்வொரு திருப்பத்திலும் தனக்கு மூச்சு வாங்குவதாகச் சொல்லி நின்றார். மேலே போனபிறகுதான் தெரிந்தது, அவருக்கு மூச்சே வாங்கவில்லை, எனக்காக நின்றிருக்கிறார்.

லாந்தரின் அடிப்பகுதியில் தேவதூதர் படம் எழுதிய மரக்கதவுகள். ஒன்றைத் திறந்து கீழே பார்க்கச் சொன்னார்கள். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மேலே உள்ள மர எண்கோணம் கீழே உள்ள கல் எண்கோணத்துக்கு நேராக இல்லை, அரை மூலை திரும்பியிருக்கிறது, 22.5 பாகை. எட்டு உத்திரமும் பாரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுவருக்குக் கொண்டுபோகின்றன. கரும்பலகையில் எத்தனையோ முறை எண்கோணம் போட்டிருக்கிறேன், அதற்கு உள்ளே நிற்பது இதுதான் முதல் தடவை. அப்போது அந்த அம்மா சொன்னார், இந்த லாந்தர் 19ஆம் நூற்றாண்டில் உருமாறிக் கிடந்தது, பீக்காக் இறந்ததும் அவர் நினைவாக நிதி திரட்டி ஸ்காட் இதைத்தான் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார் என்று. அடுத்து டீனாக வந்த ஹார்வி குட்வினும் கணக்குக்காரர்தான். எனக்குக் கொஞ்சநேரம் பேச்சு வரவில்லை. கதவின் ஓரத்து மரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றேன்.

இறங்கியபிறகு அவருக்கு நான் ஒன்று சொன்னேன். டிரினிட்டியில் பீக்காக்கிடம் படித்த அகஸ்டஸ் டி மார்கன், கணங்களுக்கு விதி சொன்னவர், 1806 இல் பிறந்தது எங்கள் மதுரையில். அவர் பிறந்த ஊரில்தான் நான் அவருடைய விதியைப் பாடம் நடத்தினேன். அந்த அம்மா பையிலிருந்து நோட்டை எடுத்து, ஊர்ப் பெயரை எழுதித்தரச் சொன்னார். அவர்கள் எழுத்தில் எழுதி, கீழே தமிழிலும் 'மதுரை' என்று எழுதிக் கொடுத்தேன். தமிழ் எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

இரவு ஆற்றங்கரைக் கடையில் காய்கறி சூப்பும் ரொட்டியும், 8.50 பவுண்ட். ஊர்ப் பெயரே விலாங்கு மீனிலிருந்து வந்தது என்பதால் விலாங்கு கிடைக்குமா என்று கேட்டேன். இப்போது ஆற்றில் ரொம்பக் குறைந்துவிட்டது என்றார் கடைக்காரர்.

அக்டோபர் 17, வியாழன், ஈலி, கேம்பிரிட்ஜ்

வியாழக்கிழமை சந்தை நாள். காற்று கூடாரத் துணிகளை அடித்துக்கொண்டிருந்தது, என் குடை ஐந்தே நிமிஷத்தில் மேல்பக்கமாக மலர்ந்து கம்பி ஒடிந்துவிட்டது. ஒரு கடையில் ஒன்பது ஆப்பிள் வாங்கினேன், 3 பவுண்ட். கடைக்காரர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, அடிபட்ட ஒன்றை எடுத்துவிட்டு வேறு போட்டார்.

பீக்காக்கைப் புதைத்தது பேராலயத்துக்குள் இல்லை, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில். மழையில் நடந்தேன். அவர் காலத்தில் இந்த ஊரில் கழிவுநீருக்கு ஒழுங்கான வழி கிடையாது, நல்ல தண்ணீரும் கிடையாது, காய்ச்சல் அதிகம். குழாயும் வாய்க்காலும் வேண்டும் என்று டீன் விடாமல் பாடுபட்டார். 1834 இல் பாராளுமன்றம் தீப்பிடித்தபோது நாட்டின் மூல அளவுகோலும் எடைக்கல்லும் கெட்டுப்போயின, அவற்றைத் திரும்ப உண்டாக்கும் குழுவிலும் அவர் இருந்தார். புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் வரிசையில் அவர் பெயர் பின்னால்தான் வரும். டிஒய் பை டிஎக்ஸ் லைப்னிட்ஸுடையது, எண்கோணம் ஆலனுடையது, வரைந்தது லெ ஸ்ட்ரேஞ்ச், செதுக்கியது யாரோ. ஆனால் ஒவ்வொன்றிலும் அடைத்துக்கொண்டிருந்ததை எடுத்து வழிவிட்ட கை இவருடையது. எனக்கு இவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். வாத்தியார் வேலையில் நான் செய்ய நினைத்ததும் அதுவே.

கல்லறையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் வரிசை வரிசையாக நடந்தேன். பல கற்களில் பாசி, எழுத்து தேய்ந்துவிட்டது. கைப்பேசியும் குளிரில் அணைந்துபோனது. நாயோடு நடந்துவந்த ஒரு பெண் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டு, கூடவே சேர்ந்து தேடினார், கையுறையால் பாசியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். உங்கள் உறவினரா என்று கேட்டபோது, "எங்கள் ஊரில் பிறந்த ஒருவருக்கு வாத்தியார்" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் இரண்டு வரிசை பார்த்தார். மழை வலுத்ததும் தன் குடையை என் கையில் வைத்துவிட்டு நாயை இழுத்துக்கொண்டு ஓடினார். கல் எது என்று தெரியாமலேயே, தோட்டத்தின் நடுவில் நின்று கைகூப்பினேன்.

ரயில் இன்று ஓடியது. நடைமேடையில் நனைந்த காகிதப் பை பிய்ந்து ஆப்பிள்கள் நாலா பக்கமும் உருண்டன. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், ஒரு சின்னப் பையன் பெஞ்சுக்கு அடியில் புகுந்தான், கோட்டுப் போட்டவர் ஒருவர் தண்டவாளப் பக்கம் போன ஒன்றைக் காலால் நிறுத்தி எடுத்துத் தன் கைக்குட்டையால் துடைத்துத் தந்தார். ரயிலில் ஏறி மடியில் வைத்து எண்ணினேன். ஒன்பதும் இருந்தன.